நத்தம் கிணறுகள் மட்டும் கடலில் விழுகின்றன, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். திண்டுக்கல், நத்தம் பக்கத்து ஊர்ப் பொதுக்கிணறுகளை நாங்கள் ஐந்து பேர் வரைபடத்தில் ஏற்றி வருகிறோம். கையடக்க ஜிபிஎஸ் கருவியில் யூடிஎம் எண்களை (உலகை மண்டலங்களாகப் பிரித்து, இடத்தைக் கிழக்கு எண், வடக்கு எண் என்று மீட்டரில் சொல்பவை) பார்த்து நோட்டில் எழுதினோம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மண்டலம் 43 என்று கொடுத்து ஏற்றினேன். திண்டுக்கல் கிணறுகள் அந்தந்த இடத்தில் உட்கார்ந்தன. நத்தம் கிணறுகள் எல்லாம் லட்சத்தீவுப் பக்கம், அகத்தித் தீவுக்குத் தெற்கே கடலில்! மூன்று வாரம் வெயிலில் அலைந்து எடுத்தது. மறுபடியும் போக வேண்டுமா?

பதில்:
போக வேண்டாம் சகோ. நத்தம் வரிகளில் கிழக்கு எண் 1-இல் தொடங்குகிறதா?

கேள்வி கேட்டவர்:
ஆமாம், 1,96,000 சொச்சம். திண்டுக்கல்லில் 8,25,000.

பதில்:
அப்படியானால் எழுதியவர்கள் மேல் தவறே இல்லை. 78 டிகிரி தீர்க்கக்கோடு இரண்டு ஊருக்கும் நடுவில் போகிறது. அதற்கு மேற்கே மண்டலம் 43, கிழக்கே 44. கோட்டைத் தாண்டியதும் கருவியே மாறிக்கொள்ளும், திரையில் 43 பி என்பது 44 பி ஆகியிருக்கும். நோட்டில் அதற்குக் கட்டம் இல்லாததால் விட்டுப்போயிருக்கிறது.

கிழக்கு எண் 5 லட்சத்துக்குக் குறைவான வரிகளைத் தனி சிஎஸ்வி கோப்பாக்கி, இபிஎஸ்ஜி 32644 (மண்டலம் 44-க்கான குறியீட்டு எண்) கொடுத்து ஏற்றுங்கள். மற்றவை 32643 (மண்டலம் 43). அப்புறம் இரண்டையும் 4326-ஆக (அட்ச, தீர்க்க டிகிரி முறைக்கான குறியீடு) சேமித்து ஒன்றாக்குங்கள். அடுக்கின் பெயர்ப்பலகையை மட்டும் 4326 என்று மாற்றிவிடாதீர்கள், எண்கள் மாறாமல் எல்லாம் குழம்பிவிடும்.

இன்னொருவர்:
இனிமேல் கருவியில் யூடிஎம்-க்குப் பதில் தசம டிகிரி (அட்ச, தீர்க்க டிகிரியைப் புள்ளி வைத்து எழுதுவது) வையுங்கள், மண்டலத் தொல்லையே இல்லை. புள்ளிக்குப் பின் 5 இலக்கம் கட்டாயம், அது சுமார் 1 மீட்டர். நாலோடு நிறுத்தினால் 11 மீட்டர், கிணறு பக்கத்து வயலுக்குப் போய்விடும். புளியமரத்தடிக் கிணறு என்றால் துல்லியம் 5 மீட்டருக்குள் இறங்கும்வரை கருவியோடு அசையாமல் நில்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லாம் நத்தத்துக்கே வந்துவிட்டன, மிக்க நன்றி! ஒன்று மட்டும் 2.7 கிலோமீட்டர் வடக்கே நிற்கிறது.

பதில்:
2,700 ஒன்பதால் வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் அப்படித்தான் வரும், அதனால் அவை மாறியிருக்கலாம், நோட்டைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அதேதான். நோட்டில் வடக்கு எண் 11,31,450. நான் 11,34,150 என்று தட்டியிருக்கிறேன். திருத்திவிட்டேன்.