ஏஐ கணக்குப் போட்டா 19,200 ரூபாய் திரும்ப வருது எண்டுது. நம்பி ரிட்டர்ன் போடலாமா? (இலங்கை வருமான வரி, 2024/25)

வெள்ளவத்தை அக்கா:
வணக்கம். 2025 நவம்பர் 30க்குள்ள ரிட்டர்ன் போடோணும், அதால அவசரமா கேக்கிறன். இவ்வளவு காலமும் என்ர அவர்தான் இதெல்லாம் பாத்தவர், இப்ப கட்டாரில வேலை.

என்ர சம்பளம் மாதம் 150,000. 2024/25க்குக் கம்பெனி சம்பளத்தில பிடிச்ச வரி (ஏபிஐடி) 42,000 எண்டு, கம்பெனி தந்த வரிப்பிடிப்புச் சான்றில (டீ10) இருக்கு. போன வருஷம் ஏப்ரல்ல இருந்து வீட்டுப் பின்பக்க அனெக்ஸை மாதம் 40,000க்கு வாடகைக்கு விட்டிருக்கிறம். நிலையான வைப்பு வட்டி 120,000, அதில வங்கி 6,000 பிடிச்சிட்டுது.

ஏஐயிட்டத் தமிழில கேட்டன். முதல்ல "80சீ பிரிவின் கீழ் ஆயுள் காப்பீட்டுக்கு 1.5 லட்சம் வரை கழிக்கலாம், ஜூலை 31க்குள் தாக்கல் செய்யுங்கள்" எண்டுது. ரிட்டர்ன் போடுற இறைவரித் திணைக்கள இணையத்தளமான ரமிஸில 80சீ எண்டு ஒண்டைக் காணேல்லை. நான் கொழும்பில இருக்கிறன் எண்டு எழுதின பிறகு மன்னிப்புக் கேட்டிட்டு வேற கணக்குத் தந்தது:

வாடகையில 25 வீதம் கழிச்சு மொத்த வருமானம் 2,280,000. தனிநபர் நிவாரணம் (வரியில்லாத தொகை) 1,800,000. மிச்சம் 480,000க்கு 6 வீதம், 28,800. ஏற்கெனவே பிடிச்சது 48,000. ஆகவே 19,200 திரும்ப வரும்.

கல்குலேட்டரில தட்டிப் பாத்தன், ஒரு ரூபாயும் பிழைக்கேல்லை. ஆனா ஒஃபிசில ஒரு அண்ணா, வாடகை வருமானம் இருந்தா நீங்கள்தான் கட்டவேண்டி வரும் எண்டுறார். ஆர் சரி? இன்னும் அனுப்பேல்லை, சேமிச்சு மட்டும் வச்சிருக்கிறன்.

கொட்டாஞ்சேனை கணக்காளர்:
அனுப்பாமல் வைத்தது நல்லது தங்கச்சி. உங்கள் ஒஃபிஸ் அண்ணா சொன்னதுதான் சரி.

வாடகைக்கு 25 வீதக் கழிவு சரி. கூட்டல் கழித்தலும் சரி. ஆண்டுதான் பிழை. 1,800,000 நிவாரணம் 2025 ஏப்ரல் 1இல் தொடங்கும் வரி ஆண்டுக்கு உரியது. நீங்கள் போடுவது 2025 மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கு, அதற்கு நிவாரணம் 1,200,000 மட்டுமே. வரிப் படிகளும் வேறு. 2,280,000இல் அதைக் கழித்தால் 1,080,000. முதல் 500,000க்கு 6 வீதப்படி 30,000, அடுத்த 500,000க்கு 12 வீதப்படி 60,000, மிச்ச 80,000க்கு 18 வீதப்படி 14,400. மொத்தம் 104,400. பிடித்த 48,000 போக நீங்கள் கட்டவேண்டியது 56,400.

டீ10ஐ எடுத்து மேசையில் வையுங்கள். வருடச் சம்பளம் 1,800,000. நிவாரணமும் 1,800,000 என்றால் கம்பெனி ஒரு சதமும் பிடித்திருக்காது. 42,000 பிடித்திருக்கிறது என்றால், 600,000க்கு வரி போட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டின் நிவாரணம் எவ்வளவு என்று அந்தத் தாளே சொல்கிறது. இந்த ஏப்ரலில் இருந்து உங்கள் சம்பளச் சீட்டில் ஏபிஐடி நின்றிருக்க வேண்டுமே, பார்த்தீர்களா?

80சீ என்பது இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப் பிரிவு. அங்கேயும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற ஆண்டு. தமிழில் கேட்டால் இந்திய விதியை எடுத்துத் தருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். இந்த மாதத்தில் மட்டும் இப்படி மூன்று பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். நெஞ்சு பதறுகிறது.

வெள்ளவத்தை அக்கா:
ஓம் அண்ணா, ஏப்ரல்ல இருந்து 3,500 கூடத்தான் கைக்கு வருது. ஏன் எண்டு நான் கேக்கேல்ல. இப்ப 56,400ஐ 30ஆம் திகதி கட்டினாச் சரியோ?

கொட்டாஞ்சேனை கணக்காளர்:
ரிட்டர்னுக்குத்தான் நவம்பர் 30. மிகுதி வரிக்கு செப்டெம்பர் 30 கடைசி நாள், அது போய்விட்டது. மாதத்துக்கு 1.5 வீத வட்டி, உங்கள் தொகைக்கு மாதம் 846 ரூபாயளவில் ஏறும். தண்டப்பணமும் வரலாம். 30ஆம் திகதி வரை காத்திருக்காமல் நாளைக்கே கட்டுங்கள். கட்டும்போது டின் இலக்கம் (வரி செலுத்துநர் இலக்கம்), வரி வகைக் குறியீடு, காலக் குறியீடு மூன்றையும் இரண்டு தரம் பாருங்கள். காலக் குறியீடு மாறினால் காசு வேறு ஆண்டுக்கணக்கில் போய் நிற்கும்.

தெஹிவளைத் தம்பி:
நான் வெளிநாட்டு ஆக்களுக்கு டிசைன் செய்து கொடுக்கிறேன். வங்கி மூலம் வருகிற வெளிநாட்டுக் காசுக்கு வரியே இல்லை என்று எனக்கும் ஏஐ சொன்னது. 2024/25க்கு அது உண்மை. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கும் வரி உண்டு, உச்சம் 15 வீதம். ஆண்டைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது. நல்லகாலம், மாமா ஒருவர் பிடித்துச் சொன்னார்.

பம்பலப்பிட்டி வாசகர்:
வீட்டுக்கடன் வட்டி, மருத்துவச் செலவு எல்லாம் 1,200,000 வரை கழிக்கலாம் என்று எனக்கு ஏஐயில் வந்தது. அது?

கொட்டாஞ்சேனை கணக்காளர்:
முன்பு இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். போடவேண்டாம். 2020க்குப் பிறகு இந்த நாட்டில் வரி விதி மாறின வேகத்துக்கு நாங்களே ஒவ்வொரு முறையும் சட்டத் திருத்தத்தைத் திறந்து பார்த்துத்தான் கணக்குப் போடுகிறோம்.

அக்காவிடம் ஒன்று கேட்கவேண்டும். டீ10ஐப் படம் பிடித்து ஏஐக்குள் ஏற்றினீர்களா?

வெள்ளவத்தை அக்கா:
ஏத்தினன். வங்கிக் கூற்றும்.

கொட்டாஞ்சேனை கணக்காளர்:
அடையாள அட்டை இலக்கம், டின், கணக்கு இலக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. அந்த உரையாடலையும் படங்களையும் இப்போதே அழித்துவிடுங்கள். ஆங்கிலப் படிவத்தில் ஒரு சொல் விளங்காவிட்டால் ஏஐயிடம் கேளுங்கள், அதில் தப்பில்லை, நானும் கேட்கிறேன். தொகையை மட்டும் அதனிடம் வாங்காதீர்கள். சந்தேகம் என்றால் இறைவரித் திணைக்களத்தின் 1944 தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், இல்லாவிட்டால் கொழும்பு 2இல் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு டீ10ஓடு நேரே போங்கள். ரிட்டர்னில் உறுதிமொழி கொடுப்பது நீங்கள். நாளைக்குக் கடிதம் வந்தால் உங்கள் பேருக்குத்தான் வரும்.

வெள்ளவத்தை அக்கா:
அண்ணா, இண்டைக்குக் காலமை 56,400ஐக் கட்டிப்போட்டன். வட்டிக்கும் ஒதுக்கி வச்சிருக்கிறன். பின்னேரம் ரமிஸில 1,200,000 எண்டு மாத்திப் போட்டு, டீ10ஐயும் வங்கித் தாளையும் பக்கத்தில வச்சு ஒவ்வொரு பெட்டியாப் பாத்து அனுப்பினன். அவருக்கும் கட்டாருக்கு எடுத்துச் சொன்னன். இந்த வருஷ வாடகை வருமானத்துக்குத் தவணை முறையில வரி கட்டோணுமாம், அவர் சொல்லித்தான் தெரியும். ஒரு தவணைக்குரிய நவம்பர் 15 போயிட்டுது, அதை என்ன செய்யிறது எண்டு நாளைக்கு 1944க்கு எடுத்துக் கேக்கப்போறன்.