ஸ்குவிட் அறிக்கையில் ‘கனெக்ட்’ எண்ணிக்கை எதைக் காட்டுகிறது?

கேள்வி – ஆய்வகக் கணினி:
வணக்கம். எங்கள் கல்லூரியின் இணையப் போக்குவரத்து முழுவதும் ஸ்குவிட் ப்ராக்ஸி (பயனருக்கும் இணையத்துக்கும் இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் மென்பொருள்) வழியாகச் செல்கிறது. அதன் பதிவுக் கோப்பிலிருந்து சார்க் மென்பொருள் நாள்தோறும் உருவாக்கும் அறிக்கையை முதல்வர் அலுவலகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. அண்மையில் ஆய்வக உதவியாளர் ஒருவரின் பெயரில், ஒரு செய்தித் தளத்துக்கு நேரே ஆயிரக்கணக்கான கனெக்ட்டுகள் பதிவாகியிருந்ததைப் பார்த்து, வேலை நேரத்தில் இத்தனை முறையா செய்தி படிக்கிறார் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவரோ காலையில் ஒரு முறை திறந்ததோடு சரி என்கிறார். அதே வரியில் ‘இலாப்ஸ்டு டைம்’ (கழிந்த நேரம்) 31 மணி நேரத்தைக் காட்டுவது எனக்குப் புரியவில்லை. அது ஒரே நாளுக்குரிய அறிக்கை. பழுது அறிக்கையிலா, நான் அதைப் படிக்கும் முறையிலா?

பதில் – ப்ராக்ஸிக்காரர்:
மென்பொருள் தன் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறது. ஸ்குவிட் தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதிவில் ஒரு வரி எழுதுகிறது. சார்க் அந்த வரிகளை எண்ணுகிறது. அந்தக் கோரிக்கையை மனிதர் விடுத்தாரா, உலாவி தானாக விடுத்ததா என்பது அந்த வரியில் இருக்காது.

எச்டிடிபிஎஸ் தளம், அதாவது தரவை மறைகுறியாக்கி அனுப்பும் தளம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. மறைகுறியாக்கத்தை ப்ராக்ஸி உடைத்துப் பார்க்காத வரையில், உலாவி திறக்கும் சுரங்க இணைப்பு (உள்ளே செல்வதை ப்ராக்ஸி பார்க்க முடியாத இணைப்பு) ஒன்றுக்கு ஒரு வரிதான் பதிவாகும். அதற்குள் நூறு படங்கள் இறங்கினாலும் அதே ஒரு வரிதான். மாறாக, செய்தித் தளத்தின் பக்கம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்க, தளத்தின் வழங்கி (சர்வர்) ஒவ்வொரு முறையும் இணைப்பை மூடிவிட்டால், புதுப்பிப்புக்கு ஒரு வரி வீதம் நாள் முழுவதும் சேரும். ஆகவே இரண்டு தளங்களின் கனெக்ட் எண்ணிக்கையை ஒப்பிட்டு, எதை அதிகம் பார்த்தார் என்று முடிவு செய்ய இயலாது.

31 மணி நேரத்துக்கு வருவோம். பதிவு வரியில் முதலில் இருப்பது நேரமுத்திரை. அடுத்த எண், அந்த இணைப்பு எத்தனை மில்லிநொடி நீடித்தது என்பது. உலாவி ஒரே சமயத்தில் ஆறு சுரங்கங்களைத் திறந்து, அவை ஒரு மணி நேரம் திறந்தே கிடந்தால், சார்க் அதை ஆறு மணி நேரமாகக் கூட்டிவிடும். அறிக்கையின் அந்த நேரப் பத்தியை (நெடுவரிசையை) காட்டி ஒருவரிடம் விளக்கம் கேட்பது நியாயமே இல்லை.

பதில் – வலைக்காவல்:
மேலே சொன்னவற்றோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். அறிக்கையில் உதவியாளர் பெயரின் கீழ் அவர் கேள்விப்பட்டே இராத விளம்பர நிறுவனங்களின் தளங்களும் வரிசையாக இருக்கும். அவை அந்தச் செய்திப் பக்கம் தானே அழைத்தவை. பயனர் பெயர் கேட்கும் ப்ராக்ஸியாக இருந்தால், மூலப் பதிவில் ‘டிசிபி_டினைடு/407’ என்னும் வரிகளும் கலந்திருக்கும். அவை கடவுச்சொல் கேட்டுத் திருப்பியனுப்பிய கோரிக்கைகள். தடை செய்த தளத்துக்குச் செல்ல முயன்றதாக அவற்றைப் படித்துவிட வேண்டாம்.

ஆய்வகக் கணினி:
இருவருக்கும் நன்றி. மூலப் பதிவில் அவருடைய வரிகளை நேர வரிசையில் எடுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ ஒரே இடைவெளியில், உணவு இடைவேளையிலும், மாலையில் ஆய்வகத்தைப் பூட்டிய பிறகும்கூட வரிகள் தொடர்கின்றன. அப்படியானால் அலுவலகத்துக்கு எந்த எண்ணை அனுப்புவது?

ப்ராக்ஸிக்காரர்:
பூட்டிய அறையிலிருந்து வரும் அந்த வரிகளையே அச்சிட்டு இணையுங்கள். அவர் சொன்னதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இனி வரும் அறிக்கைகளில் எந்தெந்தப் பத்திகள் இடம்பெற வேண்டும் என்பதை சார்க்கின் அமைவுக் கோப்பிலேயே தீர்மானிக்கலாம். நேரப் பத்திகளை நீக்கிவிடுங்கள். அலுவலகம் அவற்றை விடாப்பிடியாகக் கேட்டால், ‘மேக்ஸ்_இலாப்ஸ்டு’ அமைவில் ஒரு வரம்பு கொடுங்கள். அதற்கு மேல் நீண்ட இணைப்புகளின் நேரம் சுழியாக எடுத்துக்கொள்ளப்படும். கூட்டுத்தொகை அப்போதும் மிகையாகவே இருக்கும், ஆனால் இந்த அளவுக்கு இராது. உதவியாளரிடம் கிளம்பும் முன் உலாவியை மூடச் சொல்லுங்கள்.