மின்தொகுப்புக் கோளாறின்போது மின்மாற்றிகள்: பணியில் கண்டவை

துணைமின் நிலையப் பராமரிப்பில் இருந்தவர்:

மின்தொகுப்பு விழும்போது மின்மாற்றி படும் பாட்டைவிட, மின்சாரம் திரும்பும்போது அது படும் பாட்டையே கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் பணியாற்றிய 230/110 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தில், புயலால் பஸ் (லைன்களும் மின்மாற்றிகளும் இணையும் பொதுக் கடத்தி) முழுவதும் மின்சாரம் இழந்த ஓர் இரவில், தொலைவிலிருந்த நீர்மின் நிலையத்திலிருந்து ஒரே லைன் வழியாகச் சப்ளை பெற்று முதல் மின்மாற்றியைச் சார்ஜ் செய்தோம், அதாவது அதற்கு மின்னழுத்தம் கொடுத்தோம். அதன் இரைச்சல் அடங்கிச் சீரான பின்பு இரண்டாவதைச் சேர்த்தபோது, புதிதாகச் சேர்ந்தது உறுமியதில் வியப்பில்லை. அதுவரை அமைதியாக ஓடிக்கொண்டிருந்த முதலாவதும் சேர்ந்து உறுமத் தொடங்கி, சற்று நேரத்தில் அதன் எர்த் ஃபால்ட் ரிலே (மின்னோட்டம் நிலத்துக்குக் கசிவதைக் கண்டறியும் பாதுகாப்புக் கருவி) இயங்கி டிரிப் ஆனது, அதாவது மின்மாற்றி துண்டிக்கப்பட்டது.

பிரேக்கர் (மின்சுற்றை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் சுவிட்ச்) மூடும் கணத்தில் மின்னழுத்தம் சுழியில் இருந்து, மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தில் முன்பே எஞ்சிய காந்தப்பாயமும் புதிதாக உருவாகும் பாயத்தின் திசையிலேயே அமைந்துவிட்டால், உள்ளகம் அதற்கு மேல் பாயத்தை ஏற்க முடியாமல் தெவிட்டி, முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஆறு முதல் பத்து மடங்கு வரைகூட மின்னோட்டம் பாய்வதுண்டு. அதிலுள்ள நேர்மின்னோட்ட (DC) கூறு லைனின் மின்தடையில் உண்டாக்கும் மின்னழுத்த வீழ்ச்சி, அதே பஸ்ஸில் ஓடும் அடுத்த மின்மாற்றியின் உள்ளகத்தையும் எதிர்த்திசையில் மெல்ல மெல்லத் தெவிட்ட வைக்கிறது. லைன் நீண்டதாகவும் சப்ளை வலுவற்றதாகவும் இருந்ததால் அன்று அது எளிதில் அடங்கவில்லை. மின்மாற்றிக்குள் பழுது ஏற்பட்டால் எண்ணெயில் உண்டாகும் வாயுவைக் காட்டும் புக்கோல்ஸ் ரிலேயின் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். வாயு துளியும் சேரவில்லை, எண்ணெய் விளிம்புவரை நிறைந்திருந்தது. உள்ளே வரும், வெளியேறும் மின்னோட்டங்களை ஒப்பிட்டு உட்பழுதைக் கண்டறியும் டிஃபரன்ஷியல் ரிலேயும் இயங்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே மறுபடியும் சார்ஜ் செய்ய ஒப்புதல் கேட்டோம். எந்த ரிலே இயங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் ரீசெட் செய்துவிட்டால், மின்மாற்றிக்குள் பழுதா, வெளியிலிருந்து வந்த தொல்லையா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

ரிலே சோதனைப் பிரிவில் இருப்பவர்:

மேலே சொன்னதோடு அதிர்வெண்ணையும் சேர்க்க வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக இணையும் வரை தென்மண்டல மின்தொகுப்பு தனித்த அதிர்வெண்ணில் ஓடியது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு இருண்டபோது தெற்கு தப்பியதற்கு அதுவே காரணம். ஆனால் தனித்து நிற்கும் சிறிய தொகுப்பில் அதிர்வெண் எளிதாகச் சரியும். உள்ளகத்தின் பாயம் மின்னழுத்தத்தை அதிர்வெண்ணால் வகுத்த அளவுக்கு ஏற்ப மாறுவதால், சுமை குறைப்பினால் மின்னழுத்தம் 8 விழுக்காடு உயர்ந்து, அதிர்வெண் வழக்கமான 50 ஹெர்ட்ஸுக்குத் திரும்பாமல் 48.5 ஹெர்ட்ஸிலேயே நிற்கும்போது, பாயம் 11 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடுகிறது. மீட்டரில் இரண்டையும் தனித்தனியே பார்ப்பவருக்கு எதுவும் பெரிதாகத் தோன்றாது. உள்ளே உள்ளகத்தின் இறுக்குத் தகடுகளும் போல்ட்டுகளும் சூடேறிக்கொண்டிருக்கும். பாயம் அளவுமீறுவதைக் கண்டறியும் ஓவர்ஃப்ளக்ஸ் ரிலேயைச் சோதிக்கும்போது மின்னழுத்தத்தை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், அதிர்வெண்ணையும் இறக்கி, இயங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்படி உடன் பணியாற்றுவோரிடம் எப்போதும் வலியுறுத்துகிறேன்.