ஆச்சி வீடு (குடும்பக் குழு): மலர் வளைகாப்புச் சாப்பாடு

புதன்கிழமை

பெரியப்பா, காலை 5:48
[படம்: திருச்செந்தூர் முருகன், காலை வணக்கம்]

செல்வம் அண்ணன், 6:32
ஞாயிறு வளைகாப்புக்குச் சமையல்காரரிடம் இன்று கணக்குச் சொல்ல வேண்டும். 120 பேர். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை, எள்ளு சாதம், மாங்காய் சாதம், தயிர் சாதம். அல்வா 10 கிலோவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வேறு என்ன?

கீதா மதினி, 6:35
அப்பளம், கூழ்வடகம்

சிவா (பெங்களூர்), 6:40
சொதி

செல்வம் அண்ணன், 6:41
சொதி கல்யாணத்துக்கு மறுநாள் வைப்பதுடா

சிவா (பெங்களூர்), 6:41
மறுநாள் நான் ரயிலில் இருந்தேன். இன்னும் அந்தக் கடன் பாக்கி.

ராஜி சித்தி, 7:05
ஒரு விஷயம். மலருக்கு நேற்று சர்க்கரை டெஸ்ட் ரிசல்ட் வந்தது. 156. கர்ப்பகாலச் சர்க்கரையாம். யாரும் அவளிடம் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

மலர், 7:06
அம்மா, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பெரியப்பா, 7:10
நம் வீட்டில் யாருக்கும் இப்படி வந்ததில்லையே

வசந்தி அத்தை, 7:14
வந்ததில்லை என்று எப்படிச் சொல்வது அண்ணா? அந்தக் காலத்தில் யாருக்கும் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு 50 வயதில் சர்க்கரை, உங்களுக்கு 44-ல், எனக்கு 51-ல். மலர், பயப்படாதே. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டிய கட்டாயம்கூட இல்லை. இந்த முறையை நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை கொண்டுவரப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் சேஷய்யா. முன்பெல்லாம் வெறும் வயிற்றில் வரச் சொன்னால் பாதிப் பெண்கள் மறுமுறை வரவே மாட்டார்கள். பஸ் பிடித்து, பசியோடு, வயிற்றுப் பிள்ளையோடு யார் வருவார்கள்? இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பார்கள். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 120-க்குள் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ கொடுப்பார்கள். அதுவும் பயப்படுகிற காரியம் இல்லை.

கீதா மதினி, 7:16
சரி அத்தை

செல்வம் அண்ணன், 7:20
அப்படியானால் அல்வா?

பெரியப்பா, 7:22
திருநெல்வேலியில் வளைகாப்பு வைத்து அல்வா இல்லை என்றால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்

ராஜி சித்தி, 7:25
சம்பந்தி அம்மா ஏற்கெனவே நினைத்துவிட்டார்கள். "கல்யாணத்துக்கு முன்னாலேயே குண்டுதானே" என்று நேற்று போனில் சொன்னார்கள். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு அம்மா எல்லார் முன்னாலும் "இப்படித் தின்றால் சர்க்கரை வராமல் என்ன செய்யும்" என்றார். மலர் வீடு வந்து சேரும்வரை பேசவே இல்லை.

முருகன் சித்தப்பா, 7:26
ராஜி, குழுவில் எதற்கு இதெல்லாம்

மலர், 7:27
பரவாயில்லை அப்பா

பெரியப்பா, 7:31
[பலமுறை பகிரப்பட்டது] கர்ப்பிணிகள் தினமும் குங்குமப்பூப் பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும். 10 பேருக்கு அனுப்பவும்.

வசந்தி அத்தை, 7:33
அண்ணா, குங்குமப்பூவுக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் கிடையாது. மலர் கறுப்பாக இருந்தால் என்ன, அவள் பிள்ளை கறுப்பாக இருந்தால் என்ன.

சிவா (பெங்களூர்), 7:34
ஆச்சி வீட்டு மோட்டார் ரிப்பேரா? சனிக்கிழமை இரவு நாங்கள் ஆறு பேர் வருகிறோம்

செல்வம் அண்ணன், 7:35
ஆள் வருவார்

வசந்தி அத்தை, 8:12
அந்த ஸ்கேன் அம்மா சொன்னது எனக்கு ஆறவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 30 வருடம் கிராம சுகாதார செவிலியராக அலைந்தவள் சொல்கிறேன். சர்க்கரை தின்பதால் மட்டும் வருவதில்லை.

புனேயில் கே.இ.எம். மருத்துவமனையில் யாஜ்ஞிக் என்று ஒரு டாக்டர். மலர் பிறப்பதற்கு 4 வருடம் முன்னால், 1993-ல், பக்கத்தில் 6 கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கவனிக்கத் தொடங்கினார். எல்லாம் வயல்காட்டில் வேலை செய்கிற ஒல்லியான பெண்கள். அவர்கள் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். குழந்தையின் முதுகுத் தோலைக் கிள்ளி, கொழுப்பை ஒரு கருவியால் அளந்தார்கள். சதை குறைவு, உள்ளுறுப்பு சிறிது, ஆனால் கொழுப்பு மட்டும் வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஏறக்குறையச் சமம்! பார்வைக்கு எலும்பும் தோலும், உள்ளே கொழுப்பு. வயிற்றுக்குள் சாப்பாடு குறைந்தால் குழந்தை மூளையையும் கொழுப்பையும் காப்பாற்றிக்கொண்டு சதையை விட்டுக்கொடுத்துவிடுகிறது. அப்படிப் பிறந்த பிள்ளையைப் பிறகு வேகவேகமாக ஊட்டிப் பெருக்க வைத்தால் சின்ன வயதிலேயே சர்க்கரை எட்டிப் பார்க்கும்.

சிவா (பெங்களூர்), 8:15
அத்தை, நான் பிறந்தபோது எவ்வளவு

வசந்தி அத்தை, 8:15
நீ 3.2. நான்தான் தராசில் வைத்தேன்.

ராஜி சித்தி, 8:21
மலர் 2.1

கீதா மதினி, 8:22
அவ்வளவுதானா சித்தி?

ராஜி சித்தி, 8:26
இரவு இரண்டாவது இட்லிக்குக் கை நீட்டினால் தட்டை எடுத்துவிடுவார்கள். "பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம்." பால் ஆண்பிள்ளைகளுக்கு. கீரை இரவில் கூடாது, பப்பாளி கூடாது, முட்டை சூடு. 9 மாதத்துக்கும் சேர்த்து 5 கிலோகூட ஏறவில்லை நான்.

முருகன் சித்தப்பா, 8:27
ராஜி

ராஜி சித்தி, 8:28
நான் யாரையும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

செல்வம் அண்ணன், 8:30
[இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

வசந்தி அத்தை, 8:47
ராஜி, நீ சொல்வது அத்தனையும் உண்மை. அப்போது ஊர் ஊராகப் போய் "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று வகுப்பு எடுத்தவள் நான். பிறந்த வீட்டுக்கு வந்து உன் தட்டைப் பார்த்தேன், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு செய்தது அதைவிடப் பெரிய தப்பு. 2.1 கிலோவில் பிறந்ததே என்ற வேகத்தில் பால்பவுடரில் சீனி போட்டுக் கரைத்து, நெய்யும் சர்க்கரையும் பிசைந்து, ஒரு வயதில் கொழுகொழு குழந்தைப் போட்டிக்கு இடுப்பில் தூக்கிப் போனதும் நான்தான். முதல் பரிசு எவர்சில்வர் குடம்.

மலர், 8:49
அந்தக் குடம் இன்னும் அடுக்களையில் இருக்கிறது அத்தை

பெரியப்பா, 8:50
நல்ல கனமான குடம்

வசந்தி அத்தை, 8:58
அதனால்தான் சொல்கிறேன், இது மலர் இரண்டு வடை கூடத் தின்றதால் வந்தது இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடற்பருமன். அதற்கு முந்தைய கணக்கில் 30.9. அதே பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எடையும் கூடுதல், ரத்தமும் குறைவு, இரண்டும் ஒரே உடம்பில்கூட இருக்கும். வயிறு நிறையச் சோறு இருக்கிறது, சத்து இல்லை. இதற்கு ஒரு பெண்ணை நிற்க வைத்துத் திட்டி என்ன பயன்?

சிவா (பெங்களூர்), 9:01
உண்மை

கீதா மதினி, 9:05
அத்தை, கவினுக்கு 6 வயது, 29 கிலோ. பள்ளிவிட்டு வந்ததும் பாக்கெட் சிப்ஸ், ஜூஸ். ஆச்சி "வளரும் பிள்ளை" என்கிறார்கள்.

செல்வம் அண்ணன், 9:06
வாங்கிக் கொடுப்பது நீதானே

கீதா மதினி, 9:06
நீங்களும்தான்

வசந்தி அத்தை, 9:12
சண்டை வேண்டாம். அவன் உயரத்தை அளந்து எனக்குத் தனியாக அனுப்பு, எடையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஜூஸை இன்றே நிறுத்து, தண்ணீர், மோர் போதும். பழத்தைக் கடித்துத் தின்னட்டும். குண்டு என்ற சொல்லை அவன் காதில் விழ விடாதே.

[ஆச்சி, கீதா போனில் இருந்து குரல் பதிவு, 0:52]

சிவா (பெங்களூர்), 9:41
மீட்டிங்கில் இருக்கிறேன், யாராவது எழுதுங்கள்

கீதா மதினி, 9:46
எல்லாவற்றையும் ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். ஆச்சி சொன்னது அப்படியே: "எனக்கு முதல் பிள்ளை தலை திரும்பாமல் வயிற்றிலேயே போச்சு. இரண்டாவதும் மூன்று நாள்தான். பிள்ளை பெரிசு, அதனால்தான்னு மருத்துவச்சி சொன்னா. அந்தப் பயம் எனக்குப் போகவே இல்லை. ராஜிக்கு இட்லி தராமல் வைத்தது வஞ்சகம் இல்லை. அவளிடம் சொல்லுங்க."

முருகன் சித்தப்பா, 9:50
அம்மா இதை எங்களிடம் சொன்னதே இல்லை

பெரியப்பா, 9:52
எனக்குத் தெரியும். நான் மூன்றாவது.

ராஜி சித்தி, 10:20
மதியம் ஆச்சியைப் பார்க்க வருகிறேன்.

செல்வம் அண்ணன், 11:03
சமையல்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். ஏதாவது ஒன்று முடிவாகச் சொல்லுங்கள்

வசந்தி அத்தை, 11:20
ஏழு சாதமும் இருக்கட்டும், சடங்கு. ஆனால் பாசிப்பருப்புக் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், கொண்டைக்கடலைச் சுண்டல், நீர்மோர் சேருங்கள், வருகிற எல்லாருக்கும். மலருக்குத் தனித் தட்டு வைத்து அவளை நோயாளி ஆக்க வேண்டாம். அவள் முதலில் கீரை, சுண்டல், கூட்டு, பிறகு சாதத்தில் ஒவ்வொரு ஸ்பூன், கடைசியில் தயிர் சாதம் ஒரு கரண்டி. சாப்பிட்டதும் உட்கார வைத்துப் போட்டோ எடுக்காமல் பத்து நிமிடம் மெதுவாக நடக்க விடுங்கள்.

இன்னொன்று. மும்பையில் குடிசைப் பகுதிப் பெண்களுக்குக் கர்ப்பம் ஆவதற்கு முன்பிருந்தே தினமும் கீரை, பழம், பால் சேர்த்த பலகாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு பிரிவுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் மாதிரிச் சத்துக் குறைந்ததில் செய்தது. கர்ப்பகாலச் சர்க்கரை அந்த இரண்டாவது பிரிவில் 100-க்கு 12 பேருக்கு, கீரை தின்றவர்களில் 7 பேருக்கு. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. நம் அடுக்களையில் இருப்பதுதான். வீட்டுக்கு வந்த மருமகள்களுக்கு இதைக் கல்யாணம் ஆன மாதமே தொடங்க வேண்டும், வளைகாப்பில் இல்லை.

செல்வம் அண்ணன், 11:24
கீரை 120 பேருக்கு ஆய்வது யார்

கீதா மதினி, 11:25
சனிக்கிழமை சிவா குடும்பம் ஆறு பேர் வருகிறார்களே

சிவா (பெங்களூர்), 11:26
ஆய்கிறோம் மதினி. சொதி?

பெரியப்பா, 11:40
இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பார்களே, மலருக்கு இவ்வளவு போதுமா

வசந்தி அத்தை, 11:46
கூடுதலாக ஒரு நாளைக்கு 350 கலோரிதான் வேண்டும் அண்ணா. இரண்டு இட்லி, ஒரு தம்ளர் பால், ஒரு கை சுண்டல், ஏறக்குறைய முடிந்தது. ஆனால் எடை கூடிவிடும் என்று பட்டினியும் கிடக்கக் கூடாது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. பிள்ளை தானே இன்சுலின் சுரந்து அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக்கி வைக்கும். அதை நிறுத்தத்தான் இவ்வளவும். மலர், பிரசவமாகி 6 வாரத்தில் திரும்ப டெஸ்ட் எடுக்க வேண்டும். பிள்ளைக்கு 6 மாதம் தாய்ப்பால் மட்டும், 2 வயதுவரை சீனி கிடையாது. நான் வந்து இருக்கிறேன்.

மலர், 11:50
குடத்தை மட்டும் எடுத்து வராதீர்கள் அத்தை ❤️

முருகன் சித்தப்பா, 12:05
சம்பந்தி அம்மாவிடம் யார் பேசுவது

வசந்தி அத்தை, 12:06
நான்

ராஜி சித்தி, 12:07
வேண்டாம் மதினி, நானே பேசுகிறேன்

பெரியப்பா, 12:30
அல்வா 10 கிலோ உறுதிதானே

செல்வம் அண்ணன், 12:31
அப்பா, 5 ஆக்கலாம் என்று கேட்டிருக்கிறேன்

பெரியப்பா, 12:31
8

மலர், பிற்பகல் 3:22
சாப்பிட்டு 2 மணி நேரம். 118.

கீதா மதினி, 3:23
என்ன சாப்பிட்டாய்?

மலர், 3:25
ஒரு கப் சோறு, கீரை, முட்டை, வெள்ளரிக்காய், மோர். அம்மா ஆச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள், அப்பாதான் சமைத்தார்.

செல்வம் அண்ணன், 3:40
கடைக்காரர் 7-க்குக் கீழே குறைக்க மாட்டாராம். மோட்டார் ஆளும் வரவில்லை.