பொறியியல் முதலாண்டு இயற்பியலுக்கு 13 மார்க் டெரிவேஷன் (சூத்திரத்தைப் படிப்படியாக வருவிக்கும் கேள்வி) இன்னும் தேவையா?

வாத்தியார்77: அண்ணா பல்கலை 2021 விதிமுறைத் தாளை எடுங்கள். பத்து 2 மார்க், ஐந்து 13 மார்க், கடைசியில் ஒரு 15. அந்த 13 மார்க்கில் முறுக்கு ஊசலோ (கம்பியில் தொங்கி, முறுக்கிவிட்டால் முன்னும் பின்னும் சுழலும் வட்டு) குவாண்டம் இயற்பியலின் ஷ்ரோடிங்கர் சமன்பாடோ வந்தால் பையன் வரி பிசகாமல் எழுதிவிடுகிறான், அவனிடமே மேலே எறிந்த பந்துக்கு உச்சியில் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால் கூசாமல் சுழி என்கிறான், அங்கேயும் புவியீர்ப்பு முடுக்கம் அப்படியே இருக்கிறது என்று தெரியவில்லை. எதற்கு மார்க் போட்டோம்?

திருத்தும்மேசை: சார், விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்து கட்டுக்கட்டாகத் திருத்திப் பாருங்கள். டெரிவேஷனுக்கு கீ (விடைக்குறிப்பு) இருக்கிறது, ஸ்டெப் மார்க் போடலாம், யார் திருத்தினாலும் பெரிய வித்தியாசம் வராது. தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கதை மாதிரி நீளும் கேள்வியைப் புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடும். டெரிவேஷன்தான் அவனைப் பாஸாக்குகிறது.

வாத்தியார்77: தமிழ் வழி விஷயம் நியாயம்தான். ஆனால் கதைக் கேள்வியை யார் கேட்டது? 1992ல் இயற்பியலாளர் ஹெஸ்டனஸின் குழு அமெரிக்காவில் வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வு முழுக்கக் கொள்குறி வகை, லாரியும் காரும் மோதினால் எதன்மேல் விசை அதிகம் என்கிற மாதிரி. 1998ல் ஹேக் என்கிற அமெரிக்க இயற்பியலாளர் இந்த மாதிரித் தேர்வை வைத்து 62 வகுப்புகளை ஒப்பிட்டார். பாடத்துக்கு முன் தெரியாமல் இருந்ததில், வெறும் விரிவுரை கேட்டவர்கள் பிறகு பிடித்தது சராசரியாக 23 சதவீதம், பேசி விவாதித்துப் படித்தவர்கள் 48.

திருத்தும்மேசை: ஹேக்குக்குத் தரவு கொடுத்தவர்கள் தாங்களாக முன்வந்த ஆசிரியர்கள். வகுப்பு சொதப்பியவர் அனுப்பியிருப்பாரா? அப்புறம், கொள்குறிக் கேள்வியெல்லாம் இரண்டே வருடத்தில் கைடில் ஏறிவிடும், அதையும் மனப்பாடம்தான் செய்வான்.

சிவில்_அரியர்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். வகுப்பில் எவ்வளவு விவாதம் வைத்தாலும் தாள் மாறாவிட்டால் கடைசி வாரம் நாங்கள் புரட்டுவது பழைய கேள்வித்தாளைத்தான்.

வாத்தியார்77: அதைத்தான் சொல்கிறேன் தம்பி. கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் 40 மார்க் நம் கையில்தானே இருக்கிறது? முறுக்கு ஊசல் டெரிவேஷனை முழுசாகக் கேட்காமல், அதே கம்பியின் ஆரத்தைப் பாதியாக்கினால் அலைவு நேரம் என்ன ஆகும், ஏன் என்று கேட்கலாம். முறுக்கு விறைப்பு, அதாவது கம்பி முறுக்கலை எவ்வளவு எதிர்க்கிறது என்பது, ஆரத்தின் நான்காம் படியில் போகிறது, அலைவு நேரம் அந்த விறைப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம், அதனால் நான்கு மடங்கு. கேள்வி ஒரே வரி, கீயும் எழுதலாம்.

திருத்தும்மேசை: இன்டர்னலில் வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செமஸ்டர் தாளில் கை வைக்காதீர்கள்.

சிவில்_அரியர்: நான்கு மடங்கா? எங்கள் லேபில் கம்பியைத் தொடவே விடுவதில்லை சார், ரீடிங் எல்லாம் சீனியர் ரெக்கார்டில் இருக்கிறது.