கலுகினா ஏன் உடை மாற்றினார்?

ஓரத்து இருக்கை எழுதியது:

ருஷ்யக் காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று, எல்தார் ரியாசானவ் இயக்கி 1977இல் வெளிவந்த 'அலுவலகக் காதல்'. மோஸ்ஃபிலிம் நிறுவனமே யூடியூபில் வைத்திருக்கும் பிரதியை நேற்றிரவு இரண்டாம் முறையாகப் பார்த்தேன். முதல் முறை சிரித்த இடங்களில் இந்த முறை சிரிப்பு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: மாஸ்கோவில் ஒரு புள்ளிவிவர நிறுவனம். அதன் இயக்குநர் லியுத்மிலா கலுகினா, மங்கிய நிறத்து உடையும் மூக்குக்கண்ணாடியும் கடுகடுத்த முகமுமாக இருக்கும் தனியாள். அவருக்குக் கீழே வேலை செய்யும் அனதோலி நவசெல்த்செவ், இரண்டு பையன்களைத் தனியாக வளர்க்கும் கூச்ச சுபாவக்காரர். பதவி உயர்வு வேண்டுமானால் இயக்குநரம்மாவிடம் கொஞ்சம் காதல் காட்டிப் பார் என்று, புதிதாகத் துணை இயக்குநராக வந்திருக்கும் பழைய கல்லூரித் தோழர் சமஹ்வாலவ் அவருக்கு யோசனை சொல்கிறார். பொய்யாகத் தொடங்கியது மெய்யாகிவிடுகிறது. இதற்கிடையே கலுகினா, தன் செயலாளர் வேரச்காவிடம் நடை, உடை, புருவம் என்று எல்லாவற்றுக்கும் பாடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் காலையில் அலுவலகமே வாயடைத்து நிற்கும்படி அழகியாக வந்து இறங்குகிறார்.

என் குற்றச்சாட்டு இதுதான். ஒரு நிறுவனத்தையே நடத்துகிற பெண்ணைக் காதலிக்கத் தக்கவளாக ஆக்குவதற்கு, முதலில் அவளைத் திருத்த வேண்டியிருக்கிறது. நவசெல்த்செவை யாரும் திருத்தவில்லை. கடைசி வரைக்கும் அதே மூக்குக்கண்ணாடி, அதே தடுமாற்றம். போதாக்குறைக்கு, ஒன்பது மாதம் கழித்து நவசெல்த்செவ் வீட்டில் மூன்று பையன்கள் இருந்தார்கள் என்று படத்தின் முடிவில் ஓர் எழுத்து ஓடுகிறது. நிறுவனம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் அலுவலகத்தில் குப்பை கொட்டியவள். எங்களுக்கு ஒரு பெண் மேலதிகாரி வந்தபோது மூன்றாம் நாளே அவருக்குப் 'பத்ரகாளி' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு முன்பிருந்த ஆண் அதிகாரி அதைவிடப் பெரிய குரலில் கத்துவார். அவருக்குக் 'கண்டிப்பானவர்' என்று பெயர். இந்தப் படத்தை இனிமையான காதல் கதை என்று கொண்டாடுகிறவர்கள் எனக்குப் பதில் சொல்லட்டும்.

மூன்றாம் மணி எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன நிகழ்ச்சிகளெல்லாம் படத்தில் இருக்கின்றன. ஆனால் வரிசை மாறிவிட்டது. அந்த வரிசையில்தான் படமே இருக்கிறது.

சமஹ்வாலவ் வீட்டு விருந்தில் நவசெல்த்செவ் பாட்டும் ஆட்டமுமாகக் கலுகினாவைக் கவர முயன்று, அது எடுபடாமல் போக, ஆத்திரத்தில் அவரை இதயமற்றவர் என்று எல்லார் முன்பும் பேசிவிடுகிறார். மறுநாள் மன்னிப்புக் கேட்க அவருடைய அறைக்கு வருகிறார். "என்னை வறண்டவள் என்றீர்களே" என்று கலுகினா கேட்டால், இவர் அவசரத்தில் "இல்லை, ஈரமானவர்" என்று பதில் சொல்லித் தொலைக்கிறார். இப்படி ஒவ்வொரு வசைக்கும் எதிர்ச்சொல் தேடிக்கொண்டே போகும்போது, எதிரே இருந்த பெண் திடீரென்று உடைந்து அழத் தொடங்குகிறார். தனக்கு முப்பத்தாறு வயதுதான் என்கிறார். எத்தனை வயதுக்காரியாகத் தெரிகிறேன் என்று கேட்கிறார். "முப்பத்தைந்து" என்கிறார் நவசெல்த்செவ். "மறுபடியும் பொய் சொல்கிறீர்கள்" என்று பதில் வருகிறது. அந்த நிமிடத்தில்தான் நடிப்பு முடிந்து காதல் தொடங்குகிறது. அப்போது கலுகினா என்ன உடுத்தியிருந்தார்? நீங்கள் குறை சொல்லும் அதே மங்கிய உடை, அதே மூக்குக்கண்ணாடி. வேரச்காவின் பாடமும் புதிய உடையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அவர் உடை மாற்றியதால் காதல் வரவில்லை. காதல் வந்ததால் உடை மாற்றினார்.

இன்னொன்று. கலுகினாவாக நடித்த அலிசா ஃபிரெய்ண்ட்லிஹ் அந்தக் காலத்தில் லெனின்கிராடின் லென்சவேத் நாடக அரங்கில் முன்னணி நடிகை. மேடையில் பழகியவர் என்பதை அழுகைக் காட்சியைவிட நடைப் பாடத்தில்தான் நான் தெளிவாகக் கண்டேன். பாய்வதற்கு முந்திய சிறுத்தையைப் போல் நடக்க வேண்டும் என்று வேரச்கா சொல்லிக்கொடுக்க, இவர் அதை எவ்வளவு கெட்டியாக, எவ்வளவு பணிவாக, எவ்வளவு தப்பாகச் செய்கிறார் என்று பாருங்கள். அழகி ஒருத்தி அழகற்றவளாக வேடம் போட்டதைப் போல் அது இல்லை. தன் உடம்பை மறந்தே பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட ஒருத்திக்கு அது நினைவுக்கு வருவதைப் போல் இருக்கிறது. 'திருத்துவது' என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்பது என் கட்சி.

ஓரத்து இருக்கை எழுதியது:

வரிசையை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நவசெல்த்செவுக்கு முன்பே காதல் வந்துவிட்டது என்றால், அந்தக் காலை நேரத்து அலங்காரப் பிரவேசம் யாருக்காக? அலுவலகத்துக்காகவும், நமக்காகவும்தான். கேமரா அந்த ஊழியர்களின் பக்கம் நின்றுகொண்டு வாயைப் பிளக்கிறது. நவசெல்த்செவின் கண் கலுகினாவை முன்பே ஏற்றுக்கொண்டிருக்கலாம். படத்தின் கண் அதுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஃபிரெய்ண்ட்லிஹின் நடிப்பைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. நல்ல நடிகை ஒருவர் ஒரு பழைய கருத்துக்கு உயிர் கொடுத்துவிடுவது எவ்வளவு ஆபத்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புதுத்திரை எழுதியது:

இருவரும் 1977ஐ விட்டு நகர மாட்டேன் என்கிறீர்கள். ருஷ்யக் காதல் நகைச்சுவை அதோடு நின்றுவிடவில்லை.

ஒக்சானா பிச்கவா 2006இல் எடுத்த 'பீட்டர் எஃப்.எம்.' படத்தைப் பாருங்கள். வானொலி அறிவிப்பாளரான மாஷா தன் கைப்பேசியைத் தொலைத்துவிடுகிறாள். அது மக்ஸீம் என்ற கட்டடக் கலைஞன் கையில் கிடைக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்று நேரம் குறிக்கிறார்கள், தவறவிடுகிறார்கள், மறுபடியும் பேசுகிறார்கள். பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் படம் முழுக்க இப்படியே போகிறது. எதிர்முனையில் பேசுகிற பெண் எப்படி இருப்பாள், என்ன உடுத்தியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. எகத்தெரீனா ஃபெதூலவாவும் யெவ்கேனி த்சிகானவும் குரலை வைத்துக்கொண்டே காதலை நடித்துக் காட்டுகிறார்கள். புருவம் திருத்தும் பாடத்துக்கு அங்கே இடமே கிடையாது.

ஷோரா கிரிஷோவ்னிகவின் 'கோர்க்கா!' 2013இல் வந்தது. விருந்தினர் ஒருவர் வீடியோ எடுத்ததைப் போலவே முழுப் படமும் ஆடிக்கொண்டு போகும். கருங்கடல் ஓரத்து கெலன்ஜீக் நகரில் ஒரு கல்யாணம். மணமக்களுக்குக் கடற்கரையில் நாகரிகமான விழா வேண்டும். பெண்ணின் மாற்றாந்தந்தைக்கோ வோத்காவும் ஆட்டமுமாக ஊரைக் கூட்டும் விருந்து வேண்டும். இரண்டும் ஒரே நாளில் மோதுகின்றன. மாற்றாந்தந்தையாக வரும் யான் த்சாப்னிக் கையில் காசை வைத்துக்கொண்டு அன்பு காட்டத் தெரியாமல் திணறுவதைப் பார்த்தபோது, நாடக அரங்கின் பரம்பரை இன்னும் அறுந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் இதே கதையை 2011இல் மறுபடியும் எடுத்தார்கள். கலுகினாவாக ஸ்வெத்லானா ஹட்சென்கவா. நவசெல்த்செவாக, எட்டு ஆண்டுகள் கழித்து உக்ரைனின் அதிபரான வலோதிமிர் ஸெலென்ஸ்கி. செயலாளர் வேரச்காவை வாதிக் என்ற ஆணாக மாற்றி, பாவெல் வோல்யாவை நடிக்க வைத்தார்கள். கலுகினா அழகாக மாற வேண்டிய கதையில் முதலிலிருந்தே விளம்பரப் பட அழகியைப் போட்டுவிட்டால் மாறுவதற்கு என்ன மிச்சம்? அது என் தலைமுறையின் தோல்விதான், மறைக்கவில்லை.

மூன்றாம் மணி எழுதியது:

நண்பர் புதுத்திரை என் வேலையை எளிதாக்கிவிட்டார். 'பீட்டர் எஃப்.எம்.' நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் வரும் இருவரும் இளைஞர்கள், இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள். ரியாசானவின் மனிதர்கள் நாற்பதை நெருங்கியவர்கள். முந்திய ஆண்டு, அதாவது 1976 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சியில் வந்த 'விதியின் விளையாட்டு' படத்திலும் நவசெல்த்செவாக நடித்த இதே மியாக்கோவ்தான் நாயகன். மாஸ்கோவில் குடித்துவிட்டு லெனின்கிராடில், தன் வீட்டைப் போலவே இருக்கும் வேறொருத்தியின் வீட்டில் கண் விழிக்கிற மருத்துவர். அவரும் அம்மாவின் வீட்டில் இருக்கும் மணமாகாத ஆள்தான். பிந்திய வயதில் வரும் காதலைச் சிரித்துக்கொண்டே சொல்லுவதுதான் ரியாசானவின் தனி வழி. இலைகள் பச்சையாக இருக்கும்போதே 1976 செப்டம்பரில் மாஸ்கோவில் பனி கொட்டியது. ரியாசானவ் ஓடிப்போய் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். படத்தில் அந்தக் காட்சியைப் பாருங்கள், வயதைப் பற்றி வேறு வசனமே தேவைப்படாது.

புதுத்திரை எழுதியது:

நடிகர், நடிகர் என்கிறீர்களே, ஐயா, நீங்களே இழுத்து வந்த 'விதியின் விளையாட்டு' படத்தின் நாயகி நாத்யா யார்? முகம் போலந்து நடிகை பார்பரா பிரில்ஸ்காவுடையது. பேச்சு வலென்தீனா தலீசினாவுடையது. பாட்டு அல்லா புகச்சோவாவுடையது. அதிலும் தலீசினா அதே படத்தில் நாத்யாவின் தோழியாகவும் வருகிறார். ஆக, தோழிகள் இருவரும் பேசிக்கொள்ளும்போது அந்த அம்மாள் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்கிறார். மூன்று பெண்களை ஒட்டிச் செய்த ஒருத்தியை ஐம்பது ஆண்டுகளாக நாடே காதலிக்கிறது. மேடைப் பயிற்சியைவிடப் படத்தொகுப்பு மேசைக்கல்லவா பூமாலை போட வேண்டும்?

அகராதிப் பூச்சி எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரண்டு இடங்களில் குறுக்கிட வேண்டும்.

முதலாவது, படத்தின் தொடக்கத்திலேயே நவசெல்த்செவின் குரல் அலுவலகத்தை அறிமுகம் செய்யும்போது, கலுகினாவை 'எங்கள் மிம்ரா' என்று சொல்கிறது. நான் பார்த்த வசன வரிகளில் இதை 'சிடுமூஞ்சி' என்ற பொருளில் கடந்துவிட்டார்கள். மிம்ரா என்றால் வெறும் சிடுசிடுப்பு இல்லை. களையிழந்தவள், உடுத்தத் தெரியாதவள், கிட்டப் போனால் சலிப்பூட்டுகிறவள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் சேர்ந்து கிடக்கின்றன. ஓரத்து இருக்கை அம்மா சொன்ன 'பத்ரகாளி'யில் பயமாவது இருக்கிறது. மிம்ராவில் அதுவும் கிடையாது, ஏளனம்தான். அந்தப் பெயரைச் சூட்டிய அலுவலகத்தின் முன்னால்தான் அந்த அம்மாள் ஒரு காலையில் தலை நிமிர்ந்து நடந்து வருகிறார். ஆகவே அந்தப் பிரவேசம் யாருக்காக என்ற கேள்விக்கு, அலுவலகத்துக்காகத்தான் என்று நானும் சொல்லுவேன். ஆனால் அது சரணடைவதாக எனக்குப் படவில்லை, கணக்குத் தீர்ப்பதாகப் படுகிறது.

வேரச்காவின் பூட்ஸ் காட்சியையும் நினைத்துப் பாருங்கள். விலைக்கு வந்த பூட்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டு வேரச்கா இயக்குநரிடம் கருத்துக் கேட்கிறாள். ரொம்பத் துருத்திக்கொண்டு தெரிகிறது, நானாக இருந்தால் வாங்க மாட்டேன் என்கிறார் கலுகினா. "அப்படியானால் நல்ல பூட்ஸ், வாங்கிவிட வேண்டியதுதான்" என்று முடிவு செய்கிறாள் வேரச்கா. லியா அஹெஜாகவா அந்த வரியை ஒரு தீர்ப்பைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லுவார். பிறகு அதே வேரச்காவிடம்தான் கலுகினா பாடம் கேட்க வருகிறார். தன் ரசனை மட்டமானது என்று தன் செயலாளர் நினைப்பது தெரிந்தும் அவளிடமே போய் நிற்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் யாரும் ரீஷவாவைப் பற்றிப் பேசவே இல்லை. ஸ்வெத்லானா நெமல்யாயெவா நடித்த ஒல்கா ரீஷவா, கல்லூரிக் காலத்துக் காதலை மறக்க முடியாமல் சமஹ்வாலவுக்குக் கடிதங்கள் எழுதுகிறார். சமஹ்வாலவ் அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டுபோய், ஊழியர்களிடம் சந்தா வசூலிக்கிற ஷூராவிடம் கொடுத்துவிடுகிறார். ஒரு பெண்ணின் மனம் அலுவலகத்து வம்பாகிவிடுகிறது. ரீஷவாவுக்குப் பேச்சில் நளினம் இருக்கிறது, உடையில் அக்கறை இருக்கிறது, மென்மை இருக்கிறது. வேரச்காவின் பாடத்தில் உள்ளதெல்லாம் அவரிடம் முன்பே உண்டு. அவருக்குக் கிடைத்தது அவமானம். அலங்கரித்துக்கொண்டால் காதல் கிடைக்கும் என்று சொல்கிற படம் இப்படி ஒரு பாத்திரத்தை நடுவில் வைத்திருக்குமா?

ஓரத்து இருக்கை எழுதியது:

ரீஷவாவை நான் மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. முதல் முறை அந்தக் கடிதக் காட்சிகளில் நானும் சிரித்தேன் என்பது அதைவிட வெட்கம். பசிலாஷ்விலி சமஹ்வாலவை ஒரு வில்லனாக நடிக்காமல், நல்ல பழக்க வழக்கங்கள் உள்ள, சிரித்த முகமுள்ள கனவானாக நடித்திருப்பதால்தான் அந்தக் கொடுமை சட்டென்று உறைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களை நான் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். குரலை உயர்த்தவே மாட்டார்கள்.

நவசெல்த்செவ் சமஹ்வாலவைக் கன்னத்தில் அறைவது ரீஷவாவுக்காக என்பதும் இப்போதுதான் என் மனதில் விழுகிறது.

மூன்றாம் மணி எழுதியது:

அப்படியானால் கடைசிச் சண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. எல்லாம் பதவிக்காகத் தொடங்கியது என்று தெரிந்ததும் கலுகினா நவசெல்த்செவுக்கு அந்தப் பதவியையே கொடுத்து அவமானப்படுத்துகிறார். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறார். வாய்ச்சண்டை முற்றி அறைக்குள் அடிதடியாகிவிடுகிறது. அழகிய உடையில் இருக்கும் அந்தக் கலுகினா, மங்கிய உடையில் இருந்ததைவிடப் பலமடங்கு மூர்க்கமானவர். திருத்தப்பட்ட பெண்ணின் அடையாளம் அதுவல்ல.

ஓரத்து இருக்கை எழுதியது:

சரி, ஐயா. 'திருத்துவது' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். மூன்று பையன்கள் என்று ஓடும் அந்தக் கடைசி எழுத்தின் மேல் நான் வைத்த குற்றச்சாட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும். அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.