கம்ப்ரஸர் போட்டதிலிருந்து மைக் கூவுகிறது, மிருதங்கம் விழுந்தால் குரல் அமுங்குகிறது

மாட்டுங்கா_பஜனை:
வணக்கம். மும்பை மாட்டுங்காவில் எங்கள் பஜனைக் குழுவுக்கு மைக், மிக்சர் பார்ப்பது நான்தான், முறையாகக் கற்றதில்லை. நான்கு பாட்டு மைக், ஹார்மோனியம், மிருதங்கம், இரண்டு பாக்ஸ். முன்பாட்டு பாடும் மாமா முணுமுணுப்பில் ஆரம்பித்து, மேல் ஸ்தாயி வந்ததும் மைக்கை விழுங்குகிற மாதிரி பாடுவார். அதற்காக லேமிங்டன் ரோட்டில் இரண்டு சேனல் கம்ப்ரஸர் லிமிட்டர் (சத்தம் ஏறினால் தானே அமுக்கும் பெட்டி) ஒன்று பழையதாக வாங்கி, மிக்சர் மெயின் அவுட்டுக்கும் ஆம்புக்கும் நடுவில் போட்டேன். திரெஷோல்ட் (அமுக்கல் தொடங்கும் அளவு) -30, ரேஷியோ (அதற்கு மேல் எத்தனை டெசிபலை ஒன்றாக அமுக்குவது) 8:1, அவுட்புட் கெயின் (கடைசியில் மொத்தமாக ஏற்றுவது) +12. இப்போது பாட்டு நின்றால் ஃபேன் சத்தம் பொங்கி வருகிறது, மைக் கூவுகிறது, மிருதங்கத்தில் ஒரு அடி விழுந்தால் எல்லார் குரலும் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. லிமிட்டர் (ஓர் உச்ச அளவைத் தாண்டவிடாதது) நாப்பைத் தொடவே பயம். பெட்டி பழுதா?

செம்பூர்_சவுண்ட்:
பழுதெல்லாம் இல்லை சார், அது நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறது. மெயினில் போட்டால் அதற்கு மாமா யார், மிருதங்கம் யார் என்று தெரியாது, மொத்தமாக வருவதைப் பார்த்து மொத்தமாக அமுக்கும். மிருதங்கம் செய்கிற வேலைக்கு மாமா அடி வாங்குகிறார்.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். மாமா -6-க்கு ஏறினால் திரெஷோல்டுக்கு மேல் 24 டெசிபல், 8:1 என்பதால் 3 மட்டும் வெளியே வரும், அதாவது 21 டெசிபலை விழுங்கிவிட்டது. மெதுவாக -30-ல் பாடுகிற இடத்தில் ஒன்றும் குறையாது, ஆனால் நீங்கள் கொடுத்த +12 அப்படியே ஏறும், ஃபேனுக்கும் ஏறும், ஃபீட்பேக் (மைக் கூவுவது) எல்லைக்கும் 12 டெசிபல் நெருங்கிவிடுவீர்கள். கம்ப்ரஸர் உரத்ததைக் குறைக்கும், அவ்வளவுதான். மெல்லியதை ஏற்றுவது அந்த அவுட்புட் நாப், அதாவது உங்கள் கை.

இரண்டு சேனலையும் பிரித்துவிடுங்கள். முதல் சேனல் மாமா மைக்கின் இன்சர்ட்டில் (அந்த மைக்கின் வழியில் மட்டும் வெளிப்பெட்டியைச் செருகும் துளை; ஒய் கேபிள் வேண்டும், பெரும்பாலான மிக்சரில் முனை செண்ட், நடு வளையம் ரிட்டர்ன்). ரேஷியோ 3:1, அவர் உச்சத்தில் பாடும்போது கெயின் ரிடக்‌ஷன் விளக்கு (எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டுவது) 6 டெசிபலைத் தொடும் அளவுக்குத் திரெஷோல்டை இறக்குங்கள், மெதுவாகப் பாடும்போது எந்த விளக்கும் எரியக்கூடாது. அவுட்புட் கெயின் பூஜ்யம்.

இரண்டாவது சேனல் மெயினுக்கு, பஜனைக்கு மோனோ போதும். அதில் ரேஷியோ 1:1, லிமிட்டர் மட்டும் வேலை செய்யட்டும். ஆம்பில் கிளிப் விளக்கு மினுக்கும்வரை ஏற்றி, மினுக்கல் நிற்கும்வரை லிமிட்டரை இறக்கி, அப்புறம் அந்த நாப்பை மறந்துவிடுங்கள். ட்வீட்டர் (பாக்ஸில் உள்ள சின்ன ஸ்பீக்கர்) பிழைக்கும். முக்கியமாக, இரண்டு சேனலையும் சேர்த்து இயக்கும் ஸ்டீரியோ லிங்க் பட்டன் அணைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மாமா கத்தும்போது மெயினே அமுங்கும்.

தாராவி_லைன்செட்:
மேலே சொன்னது சரி, அட்டாக்கும் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) ரிலீஸும் (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) விட்டுப்போச்சு. அட்டாக்கை ரொம்ப வேகமாக வைத்தால் எழுத்துகளின் முனை மழுங்கி, மாமா போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி கேட்கும், 10 முதல் 20 மில்லிசெகண்ட் விடுங்கள். ரிலீஸ் 150 மில்லிசெகண்டுக்குப் பக்கம் தொடங்கி விளக்கைப் பாருங்கள், அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் அணைந்துவிட வேண்டும். அப்புறம் கேட் (மெல்லிய சத்தத்தை வெட்டிவிடுவது) இருந்தால் முழுசாக அணைத்துவிடுங்கள், "ராமா"வில் கடைசி மாவைக் கடித்துத் துப்பிவிடும்.

எனக்கு மட்டும் ஒரு மாற்றுக் கருத்து: மாமாவிடம் உச்சத்தில் நாலு விரல் அகலம் பின்னால் போகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. யார் போய்ச் சொல்வது என்பதுதான் பிரச்சினை.

மாட்டுங்கா_பஜனை:
சொல்ல முடியாது அண்ணா, என் மாமனார். மற்றபடி நேற்று நீங்கள் இருவரும் சொன்னபடி மாற்றினேன், கூவல் நின்றது, மிருதங்கமும் தனியாக நிற்கிறது. ஆனால் அவர் "என் குரல் எனக்கே கேட்கவில்லை" என்கிறார், அவர் முன்னாலிருக்கும் மானிட்டரில் (பாடுபவருக்கே கேட்பதற்கான பாக்ஸ்).

செம்பூர்_சவுண்ட்:
இன்சர்ட்டுக்குப் பின்னாலிருந்துதான் மானிட்டர் ஆக்ஸும் (மிக்சரிலிருந்து மானிட்டருக்குத் தனியாக அனுப்பும் வழி) எடுக்கப்படும், அதனால் அவர் ஏறும்போது அங்கேயும் குறையும். ஆக்ஸை ஒரு சுற்று ஏற்றாதீர்கள், கூவும். ஒய் ஸ்ப்ளிட்டர் போட்டு அவர் மைக்கை இரண்டு சேனலில் கொண்டு வாருங்கள், கம்ப்ரஸர் இல்லாத சேனல் மானிட்டருக்கு மட்டும், அதன் ஃபேடர் அடியிலேயே கிடக்கட்டும், ஆக்ஸ் ப்ரீ ஃபேடரில் (ஃபேடருக்கு முன்னாலேயே எடுப்பது) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.